குத்தகைக்கு ஒரே கணக்கா?

ஓராண்டுக்கு நிலம் பிடிப்பவருக்கும் ஐந்தாண்டுக்குப் பிடிப்பவருக்கும் ஏக்கருக்கு ஒரே தொகை பேசுவது நியாயமா? நியாயமில்லை என்கிறோம்.

இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கு மலையில் பெய்தால் கண்மாய் பெருகும். பொய்த்தால் கிணறுதான் கதி. இப்படிப்பட்ட ஊரில் ஓராண்டுக் குத்தகைக்கு ரொக்கத்தை முன்னதாகக் கொடுத்துவிட்ட சம்சாரியின் நிலை என்ன? மழை பொய்த்தால் நட்டம் முழுவதும் அவர் தலையில். மறு ஆண்டு ஈடுகட்டலாம் என்றாலோ, அதற்குள் நிலம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். அவர் கண்மாய் வண்டலை அள்ளிப் போடுவாரா? ஆட்டுக்கிடை அமர்த்துவாரா? யூரியாவைத் தூவிவிட்டு, கிடைத்ததை அறுத்துக்கொண்டு போவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, பேரம் அப்படி! மெலிவது நிலம், அந்த இழப்பு கடைசியில் உடையவருக்கே.

சட்டம் இல்லாமலில்லை. 1955-இல் குத்தகை உழவரை வெளியேற்றத் தடை வந்தது. 1956-இல் நியாய வாரச் சட்டம் வந்தது. பிற்பாடு திருத்தத்தின் மூலம் உடையவரின் பங்கு மகசூலில் நூற்றுக்கு 25 ஆகக் குறைந்தது. 1969-இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. ஆனால், பதிவேட்டில் பெயர் ஏறினால் நிலம் திரும்பாது என்று அஞ்சும் உடையவர்கள் வாய்ப்பேச்சோடு நிறுத்தி, ஆண்டுக்கு ஓர் ஆளாக மாற்றிவிடுகிறார்கள். பெரும்பண்ணைக்காரரை விடுங்கள், திருப்பூரில் வேலை பார்க்கும் இரண்டு ஏக்கர்க்காரர் அஞ்சுவதைத் தவறென்று சொல்ல முடியுமா? விளைவு, 2019-இல் தொடங்கிய மத்திய சர்க்காரின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவிகூடப் பட்டாக்காரருக்கே போகிறது. குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை.

அதே 2019-இல் ஆந்திரம் ஒரு சட்டம் செய்தது. 11 மாத ஒப்பந்தம். உடையவரின் உரிமைக்குப் பங்கமில்லை, உழுபவருக்குப் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் வழி. நல்லதே. ஆயினும் வண்டல் போட்டுப் பலன்காண 11 மாதம் போதுமா?

ஓராண்டுக் குத்தகையில் முன்பண ரொக்கம் கூடாது. விளைந்ததில் பங்கே வாங்க வேண்டும், அதுவும் கால்பங்குக்கு மேற்படாமல். ஐந்தாண்டு என்றால், அந்த வரம்புக்குள் தொகையை முன்கூட்டியே நிச்சயிக்கலாம். ஒப்பந்தம் பதிவாகட்டும். கெடு முடிந்ததும் நிலம் திரும்பும் என்று சட்டமே உடையவருக்கு உறுதி தரட்டும். உழுதவர் போட்ட முதலில் பயன் மீந்திருந்தால் அதற்கு விலை கொடுத்தனுப்பட்டும். 2016-இல் நிதி ஆயோக் வகுத்த மாதிரிக் குத்தகைச் சட்டம் இந்த இரண்டையும் சொல்லியிருக்கிறது. கோட்டையில் இருப்போர் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும், அடுத்த போகத்துக்குப் பேரம் தொடங்குமுன்.