போசியின் குற்றமா, தாளின் குற்றமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

அனுப்பர்பாளையத்தில் பிறந்த எவருக்கும் பாத்திரப் பட்டறையின் ஓசையே தாலாட்டு. திருப்பூர் என்றதும் பனியனை நினைப்போர், பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர் ஒன்றும் அதனுள் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். என் தந்தையார் அவ்வூரில் ஓர் எவர்சில்வர் பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எழுந்த ஒரு வழக்கே இக்கட்டுரைக்குக் காரணம்.

என் அத்தை, தந்தையார் வேலை செய்த போசி ஒன்றை வாங்கிச் சென்றார். அதில் வாய்வரை புளிக்குழம்பை ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி இரவு முழுவதும் வைத்துவிட்டார். விடிந்து பார்த்தால், தாளில் ஊசி குத்தியதைப் போன்ற துளைகள். குழம்பின்மேல் சாம்பல் நிறப் புள்ளிகள். "போசி மட்டச் சரக்குங்ண்ணா, கொழம்பே கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொண்டுவந்தார். தந்தையார் மறுமொழி பேசவில்லை. முப்பது ஆண்டுக் கைத்தொழிலின் மீது விழுந்த பழி அது. அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை.

அப்போதுதான் வகுப்பில் மின்வேதியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அதே புளிக்குழம்பை அந்தப் போசியிலும் ஒரு மண்சட்டியிலும் ஊற்றி, இரண்டையும் குழம்பு தொடும்படி தாளால் மூடி வைத்தேன். காலையில் போசியின் மேலிருந்த தாளில் துளைகள் விழுந்திருந்தன. சட்டியின் மேலிருந்த தாளோ நிறம் மங்கியதோடு சரி.

காரணம் என்ன? இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, புளிப்பும் உப்பும் கலந்த நீரிலும் நனைந்தால் அங்கே ஒரு மின்கலம் பிறந்துவிடுகிறது. அலுமினியம் எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம். ஆகவே அது கரைகிறது. எவர்சில்வர் கரையாமல் நிற்கிறது. குழம்பில் மிதந்த புள்ளிகள் பெரும்பாலும் தாளிலிருந்து வந்தவை. போசியிலிருந்து வந்தவை அல்ல. மண்சட்டியில் இரண்டாவது உலோகம் இல்லை. அதனால் மின்கலமும் இல்லை.

அலுமினியம் கெட்ட பொருள் என்று கூற வரவில்லை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்சைடு படலம் ஒன்று தானே படிந்து காக்கிறது. அதனால்தான் அது இரும்பைப்போல் துருப்பிடித்து உதிர்வதில்லை. ஒளி, காற்று, ஈரம் மூன்றையும் தடுப்பதால் மாத்திரைப் பட்டைக்கும் மிட்டாய் உறைக்கும் உதவுகிறது. ஆனால் புளி, எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய் ஆகியவற்றின் அமிலமும் உப்பும் அந்தப் படலத்தை அரித்துவிடும். இத்தகைய உணவுகளை அலுமினியத்தில் வைக்க வேண்டாம் என்று ஜெர்மனி அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் அறிவுறுத்துகிறது. சப்பாத்தியும் இட்லியும் சுற்றலாம்; புளிச்சோற்றுக்கு வாழையிலையே மேல்.

பளபளப்பான பக்கம் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்று வீட்டில் வாதிடுவோர் பலர். மெல்லிய தாளைக் கடைசி முறை உருட்டும்போது இரண்டு தாள்களைச் சேர்த்தே உருளைகளுக்கிடையில் செலுத்துகின்றனர். உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கிறது. தாளும் தாளும் தொட்ட பக்கம் மங்குகிறது. உணவுக்கு இரண்டும் ஒன்றே.

போசியில் பகையான அதே மின்வேதியியல் வேறோரிடத்தில் நட்பாகவும் ஆகிறது. கறுத்த வெள்ளிக் கொலுசைப் பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளின்மேல் வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். வெள்ளியைக் கறுக்க வைத்த கந்தகம் விலகிக் கொலுசு வெளுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1886-இல் ஹாலும் ஹெரூல்ட்டும் மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறியும் வரை அலுமினியம் அரும்பொருளாக இருந்தது. நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலம் ஒன்றுண்டு. தாதுவிலிருந்து எடுப்பதற்குப் பெரும் மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்கவோ அதில் ஏறக்குறைய 5 விழுக்காடு ஆற்றலே போதும். 2019 சனவரி முதல் நாள் தமிழகத்தில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக்கை விட்ட கையால் இத்தாளை எடுத்து, ஒருவேளைச் சோற்றுக்குப்பின் சாக்கடையில் எறிவது எவ்வகையில் நியாயம்? கழுவி, உருட்டிச் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் கொடுக்கலாமே!

வழக்கின் முடிவைக் கூறுகிறேன். இரண்டு தாள்களையும் அத்தையிடம் காட்டி விளக்கினேன். அவர் போசியைத் திரும்ப எடுத்துச் சென்றார். தந்தையார் துளை விழுந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈயம் பூசாத பித்தளையில புளி ஆகாதுன்னு எங்கய்யன் அப்பவே சொல்லுவாரு. இந்தத் தாளுக்கு யாரு ஈயம் பூசறது, சாமி?"

நான் புத்தகத்தில் படித்ததைப் பள்ளிக்கூடம் பாராத என் பாட்டனார் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார். அவருக்குத் தெரியாதது அதன் காரணம் மட்டுமே. அந்தக் காரணத்தை அறிந்து வீட்டாருக்குச் சொல்லத்தான் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்குவதோடு நம் வேதியியல் நின்றுவிட்டால், உழைத்துத் தேய்ந்த கைகளின்மேல் வீண்பழி விழும்போது அதைத் துடைக்க யார் இருக்கிறார்கள், நண்பர்களே?