தேவாலயத் தரையின் கீழே

ஸ்பானிய மிஷன்கள் அமெரிக்கப் பழங்குடியினருக்கு நாகரிகத்தை வழங்கின என்போர் இன்றும் உளர். அவர்களுக்கு மண்ணே மறுமொழி கூறியுள்ளது.

ஜோர்ஜியாக் கரையோரத் தீவான சென். கதரின்ஸில் வாழ்ந்தோர் குவாலே மக்கள். அவர்களிடையே பிரான்சிஸ்கன் துறவியர் சாந்தா கத்தலீனா மிஷனை நிறுவினர். 1597இல் குவாலே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். துறவியர் ஐவர் கொல்லப்பட்டனர். ஸ்பானியப் படை ஊர்களையும் உணவுக் களஞ்சியங்களையும் எரித்துப் பழிதீர்த்தது. மீண்டும் எழுந்த மிஷன், 1680இல் ஆங்கிலேயர் தூண்டிய தாக்குதலின்பின் கைவிடப்பட்டு மண்ணுள் மறைந்தது.

1981இல் டேவிட் ஹேர்ஸ்ற் தோமஸ் குழுவினர் நிலத்தின் காந்தப்புலத்தை அளந்து அதனைக் கண்டறிந்தனர். தேவாலயத் தரையின் கீழே 400க்கு மேற்பட்டோரின் எலும்புகளும் பல்லாயிரம் மணிகளும் கிடைத்தன. மணிகளைக் காட்டிச் செழிப்பென வாதிடலாம். எலும்புகள் அதற்கு உடன்படவில்லை. மிஷன் காலத்தில் பற்சொத்தையும் மூட்டுத் தேய்வும் பெருகியிருந்தன. சோளத்தையே பெரிதும் நம்பிய உணவும், ஓய்வற்ற பாரச் சுமையும் விட்ட தடங்கள் அவை. சென். அகஸ்டின் கோட்டையின் பசியைத் தீர்த்தது அம்மக்களின் உழைப்பே.

கொல்லப்பட்ட ஐவரையும் வேதசாட்சிகளென 2025இல் வத்திக்கான் ஏற்றுக்கொண்டது. அவர்தம் சாவும் துயரமே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், சோளம் விளைவித்துச் சுமந்து மாண்ட நானூறு பேரின் பெயர்களைச் சொல்வார் எவர்? மிஷனின் அருட்கொடையைப் பாடமாக்க விழையும் ஆசிரியர், அந்த மூட்டுகளின் தேய்வையும் அதே பாடத்திற் சேர்க்கட்டும். அதை விடுத்துக் கற்பிப்பது வரலாறன்று, ஆண்டவர்க்கான வக்காலத்து.