புலப்படத்தில் இல்லாத வாய்க்கால்

சென்ற மாதம் ஓர் ஏரியின் ஆயக்கட்டில் தள ஆய்வுக்குப் போயிருந்தோம். 10 ஏக்கர் நஞ்சை, 25 சென்ட் வீதம் 40 துண்டுகளாகியிருக்கிறது. ‘பண்ணை நிலம்’ என்று விற்கிறார்கள். மனைப்பிரிவு இல்லை என்று சொல்லி அனுமதியும் வாங்கவில்லை. கல் தூண், கம்பி வேலி, இரும்பு கேட். உள்ளே வெயிலில் வெளுத்த சொட்டுநீர்க் குழாய், அதன் முனையில் காய்ந்த மாங்கன்று.

கீழ்வயல்காரர் எங்களைச் செம்மண் பாதையோரம் அழைத்துப்போய்க் கம்பால் கிளறிக் காட்டினார். மதகிலிருந்து அவர் வயலுக்கு வந்த வாய்க்கால் பாதைக்கடியில் புதைந்திருந்தது. பதிலுக்குப் போட்ட ஆறங்குலக் குழாயில் பாதி மண். “பாட்டன் காலத்து வாய்க்கால் சார். மேல்வயல் வழியாத்தான் வரும், யாரும் மறிச்சதில்ல” என்றார்.

திரும்பி வந்து புலப்படத்தைப் பிரித்தோம். அதில் வாய்க்கால் இல்லை. புறம்போக்கு வாய்க்காலுக்குப் புல எண் இருக்கும். பட்டா நிலத்துக்குள் வயலுக்கு வயல் பாயும் வாய்க்காலுக்குப் பல ஊர்களில் ஊராரின் நினைவுதான் பதிவேடு. நிலப்பயன் மாற்ற மனுவுக்குப் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் மட்டும் பார்த்துக் கருத்துரை எழுதினால் அந்த வாய்க்கால் நம் கண்ணில் படவே படாது.

அங்கே நிலம் வாங்கியவர்களைக் குற்றவாளிகளாக நான் பார்க்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு தோட்டம், அதில் ஒரு வீடு என்று ஆசைப்படுவது தவறில்லை. சொந்த வயலிலேயே மகனுக்கு வீடு கட்ட நினைக்கும் சிறு விவசாயியின் தேவையும் நியாயமானதே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவர்களுக்கென்று நம் மண்டல வரைபடத்தில் பொருத்தமான நிறம் இல்லை. விவசாயம் ஒரு பக்கம், குடியிருப்பு மறுபக்கம், நடுவில் ஒன்றுமில்லை.

அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 20.10.2016-க்கு முன் விற்ற மனைகளுக்காக 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. பிறகும் துண்டாடல் நிற்கவில்லை, பெயர்தான் மாறியது. 2020ஆம் ஆண்டின் காவிரி டெல்டா பாதுகாப்புச் சட்டம் எண்ணெய் எடுப்பையும் உருக்காலைகளையும் தடுக்கிறது; வயலைக் கூறுபோடுவது அதன் தடைப் பட்டியலில் இல்லை.

சிறுபண்ணைக் குடியிருப்புக்கென்று தனி மண்டலம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சிறு துண்டு வேளாண்மைக்கு ஒரு மண்டலமும் பெருமனைக் குடியிருப்புக்கு வேறொரு மண்டலமும் வைத்து இரண்டையும் பிரித்தே ஆள்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1973 முதல் விளைநிலத்தைக் காப்பிட்டு வைத்திருக்கிறது. அங்கேயும் விளைநிலத்தில் மாளிகைகள் எழுந்தன. 2019இல் வீட்டின் பரப்பை 500 சதுர மீட்டருக்குள் நிறுத்தினார்கள். மண்டலத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது, வீட்டின் அளவையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நமக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். மண்டலக் கோட்டைச் சாலையை ஒட்டியோ புல எண்ணை ஒட்டியோ இழுக்காமல், ஆயக்கட்டுக்கு வெளியே, மானாவாரிப் புஞ்சையில் மட்டும் இழுக்க வேண்டும். ஓர் ஏக்கருக்குக் கீழே பிரிக்கக் கூடாது. 25 சென்ட்டுக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு என்றால் அந்தப் பத்து ஏக்கரில் மட்டும் 40 கிணறு. அக்கம்பக்கத்துத் திறந்தவெளிக் கிணறு எதுவும் பிழைக்காது. ஆகவே கிணறு பொதுவாக இருக்க வேண்டும். வாய்க்காலும் வண்டிப்பாதையும் அனுமதி உத்தரவின் வரைபடத்திலேயே அளவோடு ஏற வேண்டும். அதற்கு நாம் மதகில் தொடங்கிக் கடைமடை வரை, ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாக வேண்டும். அரை நாள் வேலை.

இன்னொன்றும் உறுத்துகிறது. நிலப்பயன் மாற்றம் கேட்கும் மனுவில் அடங்கல் ‘தரிசு’ என்று காட்டினால் கோப்பு எளிதில் நகர்கிறது. ஏன் தரிசானது என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கீழ்வயல்காரர் இந்தப் போகம் நடவு செய்யவில்லை. அவர் நிலமும் அடங்கலில் தரிசு என்றே ஏறும்.