பிரஸ் நோட்டுக்கும் டெஸ்டிங் வேணும் மக்களே!

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆபீஸ் ஆணி பாதி, வீட்டு ஆணி பாதி. வீட்டு ஆணின்னா, நாங்க ஆறு பேர் சேர்ந்து செய்யற தமிழ்ப் பிழைதிருத்தி. புது வெர்ஷன் வரப்போகுது, பத்திரிகைகளுக்கு எப்படிச் சொல்றதுன்னு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாக்குவாதம்.

போன தடவை நடந்தது இது. ரிலீசுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நானே ஒரு பிரஸ் நோட் தட்டி அனுப்பினேன். ஒரு நாளிதழில் வந்தது. "இளைஞர் உருவாக்கிய இலவச சாப்ட்வேர்"னு தலைப்பு, கூடவே என் போட்டோ. அம்மா பத்து காப்பி வாங்கினாங்க. ஆனா நான் எழுதினது இன்ஸ்டாலர் மட்டும்தான். நாலு வருஷமா உட்கார்ந்து சொற்பட்டியலைச் சேர்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர். போன் பண்ணி "நல்லாயிருக்கு தம்பி"ன்னார். அதுக்கப்புறம் இரண்டு மாசம் அவர்கிட்டேர்ந்து ஒரு சொல் கூட வரலை.

நிருபரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. என் நோட்டில் அவர் பெயரே இல்லை. இருந்த ஒரே பெயர், ஒரே நம்பர் என்னுடையது. அவர் வேற யாரைப் போடுவார்?

அதனால என் கட்சி இதுதான்: கோடுக்கு ஒரு மாசம் டெஸ்டிங் பண்றோம், வெளியுலகம் படிக்கிற அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுக்கிறதில்லை. இது சோம்பேறித்தனம், தன்னடக்கம்னு பேர் வைக்காதீங்க.

ஃபயர்பாக்ஸ்காரங்களைப் பாருங்க. 1.0 வெளிவந்தது 2004 நவம்பர் 9. அதே வருஷம் டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் இரண்டு முழுப்பக்க விளம்பரம். பணம் போட்டது ஆதரவாளர்கள். சுமார் 2,50,000 டாலர் சேர்ந்தது. காசு கொடுத்த 10,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் அச்சடிச்சாங்க. கோடே எழுதாதவன் கூட பூதக்கண்ணாடி வெச்சு தன் பெயரைத் தேடியிருப்பான். இரண்டரை லட்சம் டாலர் நம்மகிட்ட இல்லை, சரி. பெயர் போட காசு வேணுமா?

அடுத்தது "இலவசம்". நம்ம ஊர்ல இந்த வார்த்தையைச் சொன்னா டிவி, மிக்சி, கிரைண்டர்தான் ஞாபகம் வரும் :-) யாரோ தர்மத்துக்குக் கொடுக்கறாங்கன்னு ஆகிடும். ஆங்கிலத்திலும் இதே தலைவலிதான், "ஃப்ரீ"ன்னா விலையைப் பத்தித்தான் கேட்டாங்க. அதனாலதான் 1998 பிப்ரவரியில் கிறிஸ்டீன் பீட்டர்சன் "ஓப்பன் சோர்ஸ்"ங்கிற சொல்லைக் கொண்டு வந்தார். சுவாரசியம் என்னன்னா, அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து முன்மொழியவே இல்லை. நண்பர் டாட் ஆண்டர்சன் பேச்சுவாக்கில் பயன்படுத்த, மத்தவங்களும் அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. 2018ல் அவரே இதை விரிவா எழுதியிருக்கார். தமிழில் நமக்குக் "கட்டற்ற மென்பொருள்"னு அழகான சொல் ஏற்கனவே இருக்கு. அதை நோட்டில் போட்டு, யாரும் திருத்தலாம், யாரும் பகிரலாம்னு ஒரே வரியில் விளக்கிட்டா போதும். நிருபர் ஏன் இலவசம்னு எழுதப்போறார்?

"நல்ல மென்பொருள் தானா பரவும் மச்சி"ன்னு எங்க குழுவில் ஒருத்தன் சொல்றான். பரவும்தான். எங்களை மாதிரி லினக்ஸ்ல கிடக்கிறவங்களுக்குள்ள பரவும். டிடிபி சென்டர் அண்ணனுக்கும் பள்ளிக்கூட டீச்சருக்கும் பேப்பரில் வந்தாத்தான் தெரியும். அவங்களுக்காகத்தானே செய்யறோம்?

இந்த முறை நோட் இரண்டு வாரம் முன்னாடியே தயார். ஆறு பெயரும் இருக்கு, யார் என்ன செஞ்சாங்கங்கிறதோட. முதல் பெயர் ஐயாவுடையது, போன் நம்பரும் அவரோடதுதான். கேட்டுட்டுத்தான் போட்டேன். சரிபார்க்க அனுப்பினேன், நேத்து திருப்பி அனுப்பியிருக்கார்.

நாலு சந்திப்பிழை. பிழைதிருத்தியோட பிரஸ் நோட்டில். அவ்வ்வ்வ்...