வடிவான சில்லும் மாட்டாத சங்கிலியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஒக்டோபர் வந்துவிட்டது. சுவிஸ், ஜேர்மனி, ஒஸ்ரியா பக்கம் இருக்கிற என் பழைய மாணவர்கள் பலர் இந்த மாதத்தில்தான் வின்ரர் ரயர் மாற்றுவீர்கள். அதற்கு முன்னர் ஒரு விஷயம் சொல்லவேண்டும். கார் ஓட்டத் தெரியாத, வாழ்நாள் முழுக்க சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்த ரீச்சருக்கு ஏன் கார்ச் சில்லுக் கதை என்று சிரிக்கவேண்டாம். ஓட்டத் தெரிந்தவர்கள் விட்ட பிழையைப் பின் சீற்றில் இருந்து பார்த்தவள் நான். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. மருமகனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ மாமி, ஆரும் ஒராள் கவனமாய் இருந்தால் நல்லதுதானே" என்றார்.

சொல்ல வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். பனிக்காலத்தில் மலைப்பக்கம் போகிறவர்கள் பெரிய அலோய் சில்லுப் போட்ட கார் வாங்க முன், அந்தச் சில்லில் பனிச் சங்கிலி மாட்டலாமா என்று காரின் கைநூலைப் பார்க்கவேண்டும். மாட்டக்கூடாது என்று இருந்தால், பனிக்காலத்துக்கென்று நாலு சின்னச் சில்லு வேறாக வாங்கி வைக்கவேண்டும். அழகுக்குக் கொடுக்கிற காசை விட அது முக்கியமான காசு.

இனி நடந்த கதை.

போன வருஷம் ஆவணியில் மருமகன் ஒரு பழைய ஸ்ரேஷன் வகன் வாங்கினார். நான் அப்போது ஊரில். வட்ஸ்அப்பில் காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். 18 அங்குலச் சில்லு, கறுப்பும் வெள்ளியுமாய் மினுங்கியது. "நல்ல வடிவு தம்பி, சில்லுதான் காருக்கு முகம்" என்று சொன்னது நான்தான். மகள் மட்டும் "இவ்வளவு பெரிய சில்லு என்னத்துக்கு?" என்று கேட்டாள். நானும் மருமகனும் சேர்ந்து அவளைப் பேசாமல் இருக்கச் செய்துவிட்டோம்.

இந்த வருஷம் பெப்ரவரியில் மூன்று மாத விசாவில் அங்கே போனேன். என் தங்கச்சியின் பேரனுக்கு 31ஆம் நாள். அவர்கள் இருப்பது சென் மோரிட்ஸில். சூரிச் பக்கத்தில் இருந்து யூலியர் கணவாய் வழியாகப் போவதென்று முடிவு. 2284 மீற்றர் உயரமான அந்தப் பாதை பனிக்காலத்திலும் திறந்தே இருப்பது வழக்கம். காரில் வின்ரர் ரயர் இருந்தது. கராஜில் அதே 18 அங்குல ரிம்மில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். புறப்பட இரண்டு நாள் முதல் மருமகன் கடையில் சங்கிலிப் பெட்டி ஒன்றும் வாங்கினார். பெட்டியின் அட்டவணையில் எங்கள் ரயரின் அளவு இருந்தது. அளவு சரி, அலுவல் முடிந்தது என்று பெட்டியைத் திறக்காமலே பின்னுக்கு வைத்தார்.

கணவாய்க்குக் கீழே கடைசி ஊரான பிவியோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நீல வட்டப் பலகை, நடுவில் சங்கிலி சுற்றிய ரயரின் படம். அதற்கு மேல் போவதானால் சங்கிலி கட்டாயம். மருமகன் இறங்கினார். வாழ்க்கையில் முதல் தரம் பெட்டியைத் திறக்கிறார். கையுறையோடு கொக்கி பிடிபடவில்லை, கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது. மகள் ஃபோன் வெளிச்சம் பிடித்தாள். நாற்பது நிமிஷம். முன் இரண்டு சில்லுக்கும் மாட்டி முடித்தபோது அவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை.

கார் கொஞ்சத் தூரம்தான் உருண்டது. டக், டக், டக் என்று உள்ளே இருந்து ஒரு சத்தம். "இறுக்கம் காணாது போல" என்று இறங்கி இறுக்கினார். திரும்பவும் அதே சத்தம். அப்போது 13 வயதுப் பேத்தி காரின் கைநூலை எடுத்து ஜேர்மன் மொழியில் வாசிக்கத் தொடங்கினாள். பனிச் சங்கிலிக்கு ஒரு பக்கம் இருந்தது. 205/55 ஆர் 16 அளவு ரயரில், மெல்லிய கண்ணிச் சங்கிலி மட்டும் மாட்டலாம். 225/40 ஆர் 18 இல் சங்கிலி மாட்டக்கூடாது. எங்களுடையது அந்த 18. "அம்மம்மா, இது எழுதித்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்தாள். என்னால் அவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேள்வியை முழுதாக வாசியாமல் விடை எழுதாதே என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்!

சங்கிலியைக் கழற்றி, வந்த வழியே மெல்ல மெல்ல இறங்கினோம். தீஃபன்காஸ்டெல் புகையிரத நிலையத்தில் காரை விட்டுவிட்டு சிவப்பு ரெயினில் ஏறினோம். சின்னவன் பாலங்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு வந்தான். 31 சடங்குக்கு மூன்று மணித்தியாலம் பிந்திப் போனோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அடுத்த கிழமை கராஜில் சில்லைக் கழற்றிப் பார்த்தார்கள். பிறேக் எண்ணெய் போகிற றப்பர்க் குழாயில் சங்கிலி உரஞ்சிய கோடு. குழாயை மாற்றினார்கள். அந்தக் குழாயோடுதான் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மலை இறங்கியிருக்கிறோம். மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. இதனால்தான் இந்தப் பதிவு. ரிம்மில் விழுந்த கீறலுக்காக இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது? இது எட்டாம் வகுப்புக் கணக்கு. என் பிள்ளைகள் கடதாசி எடுத்துச் செய்து பார்க்கலாம்.

225/40 ஆர் 18 என்பதில் முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

16 அங்குலச் சில்லில் பக்கச்சுவர் 205இல் 55 சதவீதம், 112.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவரையும் ரிம்மின் 406.4 மி.மீ.யோடு கூட்டினால் முழு விட்டம் 631.9 மி.மீ. 18 அங்குலச் சில்லில் பக்கச்சுவர் 90 மி.மீ., முழு விட்டம் 637.2 மி.மீ. வித்தியாசம் அரை அங்குலம்கூட இல்லை.

பார்த்தீர்களா? "பெரிய சில்லு" என்று நாங்கள் சொல்கிற சில்லு உண்மையில் பெரிதாகவில்லை. மட்காட்டுக்குள் அடங்கவேண்டும், வேகமானியும் சரியாகக் காட்டவேண்டும். அதனால் வெளி அளவு கிட்டத்தட்ட அதேதான். உலோகம் பெருத்தது, றப்பர் மெலிந்தது, ரயர் 20 மி.மீ. அகன்றது. அந்த 20இல் பாதி உள்பக்கம் போனாலும் 10 மி.மீ. உள்ளே என்ன இருக்கிறது? அதிர்வுதாங்கி, பிறேக் குழாய், சில்லின் வேகத்தை அறிகிற மின்கம்பி. அவை நகர்ந்து இடம் விடப்போவதில்லை. பனிச் சங்கிலியில் ஒரு பகுதி ரயரின் உள்பக்கத்தைச் சுற்றித்தான் இருக்கும். சுழலும்போது அது வெளிநோக்கி எறியப்படும். தொய்வாக இருந்தால் இன்னும் மோசம். வெளிப்பக்கத்தில் பக்கச்சுவர் கட்டையாக இருப்பதால் சங்கிலி ரிம்மின் விளிம்பையும் தொடும்.

ஆகவே சங்கிலிப் பெட்டியில் உள்ள அட்டவணை ஒரு கேள்விக்கு மட்டும்தான் விடை சொல்கிறது: இந்தச் சங்கிலி இந்த ரயருக்கு அளவா? இந்தக் காரில் அதற்கு இடம் இருக்கா என்பது மற்றக் கேள்வி. அதற்கு விடை காரின் கைநூலில் மட்டும்தான். விற்கிறவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். வாங்குகிற நாங்களும் அதோடு திருப்திப்படுகிறோம். கார் விற்கிறவர்கள் நிறம், குதிரைவலு, பாட்டுப் பெட்டி எல்லாம் விளம்பரத்தில் எழுதுகிறார்கள். "இந்தச் சில்லில் சங்கிலி மாட்டலாம், மாட்டக்கூடாது" என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? மலை நாடுகளில் அதைக் கட்டாயமாக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிறகு தனியாக வாங்கிப் பூட்டுகிற ரிம்முக்கு ஜேர்மனியில் கொடுக்கிற அனுமதிப் பத்திரத்தில் சங்கிலி பற்றிய நிபந்தனையும் எழுதியிருக்கும். அதையும் எத்தனை பேர் வாசிக்கிறோம்?

இந்தக் கதையைச் சொன்னபோது மூன்று மறுமொழிகள் வந்தன.

"எங்களுடையது நாலு சில்லும் இழுக்கிற கார், ரீச்சர்." நல்லது. சுவிஸில் சில இடங்களில் பலகைக்குக் கீழே அப்படியான கார்களுக்கு விலக்கு என்று போட்டிருக்கும். எல்லா இடத்திலும் இல்லை. ஜேர்மனியில் அந்தப் பலகை நாலு சில்லு இழுக்கிற காருக்கும் சேர்த்துத்தான். அதோடு, நாலு சில்லும் இழுப்பது ஏற்றத்தில் உதவும். இறக்கத்தில் பிறேக் பிடிக்க அது உதவாது.

"இப்ப வேறு மாதிரிச் சங்கிலி இருக்கு." உண்மை. வெளியில் இருந்தே சில்லின் நட்டில் பிடித்து மாட்டுகிற வகை இருக்கிறது. உள்பக்கத்தில் இடம் தேவையில்லாமல், அல்லது மிகக் குறைவாக, அது நிற்கும். விலை கூட. மெல்லிய கண்ணிச் சங்கிலியும் உண்டு. துணியால் செய்த பனி உறையும் உண்டு. மாட்டச் சுகம், ஆனால் பனியில்லாத தாரில் ஓடினால் விரைவில் கிழியும். கட்டாயப் பலகை உள்ள இடத்தில் அந்த உறை செல்லுமா என்பது அந்தந்த நாடு அதை அங்கீகரித்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எதுவானாலும் கைநூலையும் கராஜ்காரரையும் கேட்டபிறகு வாங்குங்கள்.

"வருஷத்தில் ஒரு நாள் கூடத் தேவைப்படாது." அதுவும் உண்மைதான். எங்கள் வன்னி வயல்களில் லாண்ட்மாஸ்டருக்கு ரயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லுப் பூட்டுவார்கள். வருஷம் முழுக்க அதில் ஓடுவதில்லை. சேற்றில் இறங்கும் நாளுக்காக வைத்திருப்பார்கள். அது இல்லாமல் சேற்றுக்குள் இறங்குகிற கமக்காரன் இல்லை. மருமகனும் வன்னியில் வளர்ந்த பிள்ளைதான். இதைச் சொன்னதும் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது அவர் பழைய 16 அங்குலச் சில்லு நாலு வாங்கி வின்ரர் ரயர் போட்டு வைத்திருக்கிறார். வாங்க முன் கராஜில் கேட்டார். பிறேக் பெரிதாக உள்ள கார்களுக்குச் சின்ன ரிம் உள்ளே இறங்காது. அந்தக் காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவும் இருக்கவேண்டும். மினுங்குகிற 18 கோடைக்கு. அதை நான் குறை சொல்லமாட்டேன். இன்னும் வடிவாகத்தான் இருக்கிறது.

மாட்டும்போது கவனிக்கவேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன்.

1. சங்கிலி இழுக்கிற சில்லுக்கு. முன்சில்லு இழுத்தால் முன்னுக்கு, பின்சில்லு இழுத்தால் பின்னுக்கு. நாலும் இழுத்தால் கைநூல் சொல்வதுபோல.

2. பலகை வருமுன் மாட்டுங்கள், ஏற்றத்தில் நின்று மாட்டவேண்டாம். தெருவை மறிக்காத தட்டையான இடம் பாருங்கள்.

3. மாட்டிக் கொஞ்சத் தூரம் ஓடி, நிறுத்தி, திரும்ப இறுக்குங்கள். உலோகத்தில் மோதுகிற சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். "பார்ப்போம்" என்று ஓடவேண்டாம். நாங்கள் விட்ட பிழை அது.

4. 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போகவேண்டாம். ஜேர்மனியில் அது சட்டம்.

5. பனி முடிந்து தார் தெரிந்தால் கழற்றுங்கள். ஒஸ்ரியாவில் தெரு முழுக்க, அல்லது கிட்டத்தட்ட முழுக்க, பனியோ ஐஸோ மூடியிருந்தால்தான் சங்கிலியோடு ஓடலாம்.

6. பெட்டிக்குள் ஒரு சோடி றப்பர்க் கையுறை, முழங்காலுக்கு ஒரு பழைய பாய்த்துண்டு, தலையில் கட்டுகிற லைற்.

7. வீட்டு வாசலில் மாட்டிப் பழகுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

போன மாதம் மருமகன் வீட்டுக் கார்த் தரிப்பிடத்தில், நல்ல வெயிலில், சங்கிலி மாட்டிப் பழகினார். பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரர் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாராம். பேத்தி நேரம் பிடித்தாள். முதல் தரம் 31 நிமிஷம், மூன்றாம் தரம் 12. ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுதான். பரிசோதனையை வகுப்பில் செய்துகாட்ட முன், தனியே ஒரு தரம் செய்து பார்.

கராஜில் வேலை செய்கிற என் மாணவர்கள் மூன்று நாலு பேர் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே எழுதித் திருத்துங்கள், வெட்கப்படவேண்டாம். மற்றவர்களுக்கு வீட்டுவேலை: இன்றிரவே காருக்குள் இருக்கிற கைநூலை எடுத்து, பனிச் சங்கிலி என்று உள்ள பக்கத்தைத் தேடி, உங்கள் ரயரின் அளவு அதில் இருக்கா இல்லையா என்று கீழே எழுதுங்கள். "பார்த்தேன் ரீச்சர்" என்று மட்டும் எழுதினால் மார்க்ஸ் இல்லை. அளவும் வேண்டும்.

கவனமாய் ஓடுங்கள் பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் கணக்கு ரீச்சர்