தின்னத் தகுந்தது மூச்சுக்கும் தகுமா?



சரக்கு எடுக்கும்போது விலை, எடை, காலாவதி தேதி ஆகியவற்றைப் பார்த்து வந்த நாம், இப்போது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பார்க்கப் பழகிவிட்டோம். அந்த எண் இருந்தால் சரக்கு நல்ல சரக்கு என்று நிம்மதி கொள்கிறோம். ஆனால் அது தின்கிறவருக்கான பாதுகாப்பு. கிட்டங்கியில் மூட்டையைப் பிரித்து, கேனைத் திறந்து, அந்தத் தூசியையும் வாடையையும் நாள் முழுக்க மூச்சில் இழுக்கிற நம் பையனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வாயால் உள்ளே போவது வேறு, மூக்கால் உள்ளே போவது வேறு என்பதை உலகத்துக்கு உணர்த்தியது ஒரு பாப்கார்ன் ஆலை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற சிற்றூரில் இருந்தது அந்த ஆலை. அங்கே முன்பு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, மூச்சுக்குழலின் சிறு கிளைகள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் கொடிய நோய் வந்திருப்பது 2000ஆம் ஆண்டில் சுகாதாரத் துறைக்குத் தெரிய வந்தது. அவர்களில் நான்கு பேர் மாற்று நுரையீரலுக்குக் காத்திருந்தார்கள். பிறகு அங்கே வேலையில் இருந்த 117 பேரைச் சோதித்தபோது, மூச்சடைப்பு எதிர்பார்க்கக்கூடியதைப் போல 3.3 மடங்கு இருந்தது. புகை பிடிக்காதவர்களிடம் அது 10.8 மடங்கு. அவர்கள் விஷம் எதையும் கையாளவில்லை. பாப்கார்னுக்கு வெண்ணெய் மணம் கொடுக்கும் டையசெட்டில் என்ற சரக்கைச் சூடான எண்ணெயில் கலந்தார்கள். வெண்ணெயில் இயற்கையாகவே உள்ள பொருள்தான், தின்பதற்கு அனுமதி பெற்றதுதான்.

அப்படியானால் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அது இழுக்கும் ஆவியில் பெரும்பகுதி மூக்கிலேயே தங்கிவிடுகிறது. மனிதன் அப்படியல்ல. மூட்டை தூக்குகிறவர் வாயைத் திறந்து வாங்குகிற மூச்சை நாம் தினமும் கேட்கிறோம். அந்த மூச்சில் ஆவி நேராக ஆழத்துக்குப் போகிறது. எலிக்கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழியை நான் படித்தபோது உண்மையிலேயே வியந்தேன். அறுவை சிகிச்சையில் எடுத்த துணுக்கிலிருந்தோ, இறந்தவர் தானமாகத் தந்த நுரையீரலிலிருந்தோ மூச்சுக்குழல் செல்களை எடுத்து, நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வின் மேல் வளர்க்கிறார்கள். கீழிருந்து சத்துநீர், மேலே வெறும் காற்று. மூன்று நான்கு வாரங்களில் அது அசல் மூச்சுக்குழலின் உள்தோல் போலவே ஆகிவிடுகிறது. சளி சுரக்கிறது. தூசியைத் தள்ளிவிடும் நுண்ணிழைகள் அசைகின்றன. அதன் மேல் ஆவியைச் செலுத்தி, செல்கள் அதை என்ன செய்கின்றன, அது செல்களை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். செல்களுக்குள்ளே நொதிகள் இருக்கின்றன. உதாரணமாக, டையசெட்டிலை அசிட்டாயின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறவை உண்டு. வருகிற சரக்கைப் பதம் பார்த்து மாற்றி அனுப்பும் வேலை நுரையீரலிலும் நடக்கிறது.

டையசெட்டிலுக்குக் கெட்ட பெயர் வந்தபின் மணப்பொருள் தயாரிப்பாளர்கள் பலர் பென்டேன்டையோன் என்ற அதன் தம்பிச் சரக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டையில் "டையசெட்டில் இல்லை" என்று போட்டுக்கொள்ளலாம் அல்லவா! அதுவும் மூச்சுக்குழலைக் கெடுப்பது பிறகு தெரிந்தது. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள், வளர்த்த மனிதச் செல்களில் இரண்டையும் சோதித்தார்கள். நுண்ணிழை உள்ள செல்கள் குறைந்ததைக் கண்டார்கள். மாற்றுச் சரக்கைச் சந்தைக்கு அனுப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டாமா என்பதே என் கேள்வி. இதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. 2018 டிசம்பரில், குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லியின் மூச்சு ஆபத்தை இவ்வகைச் செல் அடுக்கைக் கொண்டே கணக்கிடலாமா என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு ஆராயும் அளவுக்கு முறை முன்னேறிவிட்டது.

இந்தச் செல் அடுக்கு முழு நுரையீரல் ஆகிவிடாது என்பதும் உண்மை. அதில் இரத்த ஓட்டம் கிடையாது. இருபது வருஷம் கடையில் நின்றவரின் உடம்பை அது காட்டாது. ஆனாலும் முதல் எச்சரிக்கை மணியாக அது போதும்.

"இதெல்லாம் ஆலைக்காரன் பாடு, நாம் சீல் வைத்த பாட்டில் விற்கிறோம்" என்று சிலர் சொல்லக்கூடும். ஜாஸ்பரில் கலவைத் தொட்டி அருகே நின்றவருக்கு நேர்ந்தது நம் கடையிலும் நேரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் பெரிய கேனிலிருந்து எசென்ஸைச் சிறு பாட்டிலில் ஊற்றி விற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் அதிகம். மணம் எதுவும் சேர்க்காத காப்பிக் கொட்டையை வறுத்து அரைக்கும்போதும் இந்த இரண்டு ஆவிகளும் இயற்கையாகவே வெளிவருகின்றன. வாடிக்கையாளரை இழுக்கிற அந்த மணத்திலேயே இவையும் கலந்திருக்கின்றன. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 2016இல் பரிந்துரைத்த எட்டு மணி நேர வேலைக்கான அளவு, நூறு கோடி பங்கு காற்றில் டையசெட்டில் 5 பங்கு, பென்டேன்டையோன் 9.3 பங்கு மட்டுமே. அரைவை மெஷின் இருக்கும் மூலையில் வெளியேற்றும் மின்விசிறி ஒன்று போடுவது பெரிய செலவு இல்லை.

மணப்பொருள் தயாரிப்பாளர்கள் பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெரிய ஆலைகள் கேட்டால் அது போகிறது. என் கிட்டங்கிக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை. மொத்தமாக எடுக்கும் நாம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்று சோதித்தீர்களா, மனித மூச்சுக்குழல் செல்லில் சோதித்தீர்களா என்ற இரண்டு கேள்விகளைச் சங்கத்தின் பெயரில் கடிதமாக அனுப்ப வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் சரக்கு எடுக்கும் எசென்ஸ் கம்பெனிகளின் முகவரிப் பட்டியலை அன்றைக்குக் கொண்டு வருகிறேன். மற்ற உறுப்பினர்களும் தங்கள் பட்டியலைக் கொண்டு வந்தால் ஒரே தபாலில் அனுப்பிவிடலாம்.