அடிமுறையும் அறுந்த குடும்பமும்

2020ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளிவந்த 'பட்டாஸ்' என்னும் திரைப்படத்தைப் பற்றி இத்துணைக் காலம் கழித்து எழுதுவானேன், அதுவும் இத்தகைய ஏட்டில் எழுதுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். காரணம் உண்டு. அண்மையில் பாளையங்கோட்டையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் நன்கு கற்ற இளைஞர் ஒருவர், "அடிமுறையை அழிவிலிருந்து மீட்டது அந்தப் படமே, ஆசான்கள் அதனைப் பூட்டி வைத்துச் சாகடித்தார்கள்" என்று முழங்கினார். அவையில் பாதி கைதட்டியது. நாம் தட்டவில்லை. ஆயினும் அவர் கூற்றின் பிற்பாதி நம்மை உறங்கவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

படத்தைக் காணாதார் பொருட்டுக் கதையைச் சுருங்கச் சொல்வோம். திரவியப்பெருமாள் என்றோர் அடிமுறை வீரர். அவருடைய ஆசானின் மகன் நிலன். மகனை மாணவன் விஞ்சுகிறான். பொறாமை கொலையில் முடிகிறது. வீரரின் மனைவி கன்னியாகுமரி சிறை புகுகிறாள். தன் குழந்தை இறந்ததென்றே எண்ணியிருக்கிறாள். அக்குழந்தையோ சென்னையில் சில்லறைத் திருடனாய் வளர்ந்து நிற்கிறான். தந்தை, மகன் ஆகிய இரு வேடங்களிலும் தனுஷ், தாயாகச் சினேகா. விடுதலை பெற்ற தாய் மகனைக் கண்டடைகிறாள். கணவனின் கலையை அவனுக்குப் புகட்டுகிறாள். ஈற்றில் போட்டி மேடையில் பகைவன்முன் அவனை நிறுத்துகிறாள்.

இதில் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு. தாயே ஆசானாக நிற்கிறாள். வாப்பாவிடமிருந்து மகனுக்கு, ஆணிடமிருந்து ஆணுக்கு என்று மட்டுமே கலை கைமாறும் என நம்பியிருந்தவர்க்கு அது நல்ல அடி. அந்த அளவில் இயக்குநர் துரை செந்தில்குமாருக்கு நம் சலாம்.

நம் வழக்கு வேறு. குடும்பத்தை உடைத்தது எது? ஆசானின் சொந்த மகனுக்கும் ஆசானின் சிறந்த மாணவனுக்கும் இடையே மூண்ட பொறாமை. கல்வி கைமாறும் எந்த இடத்திலும் காணப்படும் புண் இது. மதரஸாக்களில் வாழ்நாளைக் கழித்த நாம் அதனை நேரில் கண்டிருக்கிறோம். உஸ்தாதின் மகன் கிதாபைத் திறந்து வைத்துக்கொண்டு விழிப்பான். எங்கிருந்தோ வந்த ஏழைப் பிள்ளை இபாரத்தைப் பிழையின்றி வாசித்துவிட்டுப் போவான். அன்றிரவு உஸ்தாதின் வீட்டில் சோறு இறங்காது. பெற்ற பாசமும் கற்பித்த பாசமும் மோதும் அந்த இடத்தில்தான் பெரிய நாடகம் கிடக்கிறது. படமோ அதனை விரைந்து கடந்து, 'நம் நாட்டுக் கலையா, அயல்நாட்டுக் கலையா' என்ற கொடிபிடி விவகாரமாக மாற்றிவிடுகிறது. ஒரு வீட்டுக்குள் எழுந்த கசப்புக்கு அயல்நாட்டுக் குத்துச்சண்டை என்ன செய்யும்?

2004இல் வந்த 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி'யும் ஏறத்தாழ இதே தடத்தில் சென்றதுதான். தெலுங்கிலிருந்து வந்த கதை. கணவனைப் பிரிந்த தாய்; மலேசியாவில் சண்டைப் பயிற்சியாளராக வாழும் தந்தை; தாய் இறந்தபின் தந்தையைத் தேடிச் செல்லும் மகன். அங்கும் பிரிந்த தந்தையும் மகனும் சேர்வதற்கு மேடை தேவைப்பட்டது. தாய் பட்ட துயரத்திற்குத் தந்தை சொல்ல வேண்டிய மறுமொழியை மகனின் முட்டி சொல்லிவிட்டுப் போகிறது. கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேளாமலே தப்பிக்க இதைவிட எளிய வழி உண்டோ?

அடிமுறை என்பது யாது என்று சிறிது பார்ப்போம். குமரியின் நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் முதல் நாள் தாய்த் தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூரில் இருந்தவை. ஆகவே மலைக்கு அப்பால் தெக்கன் களரி என்றும், இப்பால் அடிமுறை என்றும் ஒரே கலை இரு பெயர் பூண்டது. அதன் முதல் ஆசான் அகத்தியர் என்பது மரபு. அவர் உறைவதாகச் சொல்லப்படும் பொதிகையிலிருந்துதான் நம் தாமிரபரணியும் இறங்கி வருகிறது. ஒற்றைச்சுவடு, கூட்டுச்சுவடு என்று காலில் தொடங்கி, கம்பு, ஆயுதம் எனப் படிப்படியாக ஏறி, நெடுங்காலம் கழித்தே வர்மத்தை அடைவர். வர்மம் 108, அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசானே, அடிபட்டவனை எழுப்பும் அடங்கலையும் இளக்குமுறையையும் சொல்லிக்கொடுப்பார். இரண்டும் ஒரே பாடம். குமரி மாவட்டத்தில் இன்றும் எலும்பு முறிந்தவரும் சுளுக்குற்றவரும் வர்ம ஆசானின் திண்ணையில் காத்திருக்கக் காணலாம். அக்கையை மாணவனிடம் ஒப்படைக்குமுன் ஆசான் பார்ப்பது அவன் புயத்தையன்று, சினத்தை. வீரன் யார் என்பது குறித்து மல்லரையும் சினத்தையும் ஒரே தராசில் நிறுத்திய நபிமொழியை நம் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நம் உஸ்தாதுகள் இஜாஸத் வழங்கத் தயங்குவதும் இதே காரணம்பற்றியே.

அப்படியிருக்க, கொல்லும் வெறியோடு சிறையிலிருந்து வந்த ஒருத்தி, அதே வெறிக்கு மகனையும் கருவியாக்கி, ஆண்டுகள் பல வேண்டும் கலையை அவசரமாக ஊட்டுகிறாள். படம் அதனை மீட்பு என்கிறது. எந்த ஆசானும் அவளை வாசற்படியிலேயே நிறுத்தியிருப்பார். 'இது கதைதானே' என்பார்க்கு ஒரு சொல்: கதை என்றால் கதையாகவே விட்டுவிடுங்கள், கலையை மீட்டது என்று மேடையில் முழங்காதீர்கள். 1973இல் 'எண்டர் தி டிராகன்' வந்தபின் ஊர்தோறும் கராத்தேப் பள்ளிகள் முளைத்தன. பல வாடகை பாக்கியோடு மூடப்பட்டன. சிலம்பமோ 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுழற்றியதை நாம் மறக்கவில்லை. எனினும் மண்தரையில் பிள்ளைகளை நிறுத்திக் கம்பு பிடிக்கக் கற்பித்தவர்கள் சம்பளம் அறியாத ஆசான்கள்.

இனி, அந்த இளைஞரின் பிற்பாதி. ஆசான்கள் பூட்டிவைத்தார்களா? வைத்தார்கள். மறுத்தால் பொய்யாகும்.

நம் இளமையில் ஆற்றங்கரையூர் ஒன்றில் வர்மம் அறிந்த ஆசான் ஒருவர் இருந்தார். நம் வாப்பாவின் கை எலும்பைக் கூட்டியவர் அவர்தாம். அவருக்கு இரு மகன்கள்; இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஒரு சுவர்ப் பிரச்சினையில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். கம்பு வரை கற்பித்திருந்த ஆசான், "இருவரும் ஒரே பாயில் உட்காருங்கள், மீதியைச் சொல்கிறேன்" என்றார். உட்காரவில்லை. மூத்தவர் தனியே வந்து கெஞ்சினார்; இளையவர் ஊர்ப் பெரியவர்களைத் தூது அனுப்பினார். ஆசான் அசையவில்லை. ஆண்டுகள் பல ஓடின. ஒரு மார்கழியில் அவர் மௌத்தானார். மையத்தைச் சுமந்தபோது சந்தூக்கின் முன்காலை ஒருவரும் பின்காலை ஒருவரும் தாங்கினார்கள். கபரடியில்கூட அவர்கள் பேசிக்கொண்டதை நாம் காணவில்லை. அவர் அறிந்திருந்த அடங்கல்கள் அவரோடு மண்ணுக்குள் போயின.

அவர் செய்தது சரியா? நெடுநாள் சரி என்றே வாதாடி வந்தோம். இப்போது, முழங்கை விலகி அழும் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே மருத்துவமனை தேடி ஓடும்போதெல்லாம், அந்த ஆசான் ஒரு மகனுக்கேனும், அன்றி அயலான் ஒருவனுக்கேனும் சொல்லியிருக்கலாமே என்று மனம் இடிக்கிறது. அந்த இளைஞர் இதைப் படிப்பாராயின், இவ்வளவை அவருக்கு விட்டுக்கொடுக்கிறோம். 'பட்டாஸை' விட்டுக்கொடுக்க மாட்டோம்.